195 கிலோவாட் வண்டி, 120 கிலோவாட் சார்ஜர், திரையில் 72: குறை எங்கே?

#1 மின்பித்தன்

பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50. கையேட்டில் டிசி சார்ஜிங் அதிகபட்சம் 195 கிலோவாட், 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 35 நிமிடம் என்று போட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் 120 என்று பெரிதாக எழுதிய சார்ஜரில் மாட்டினால் 70, 72-ஐத் தாண்டவே இல்லை. பேட்டரி 18 சதவீதம், வெளியே 34 டிகிரி, பக்கத்து கன் (வண்டியில் மாட்டும் கேபிள் முனை) காலி. குறை வண்டியிலா, சார்ஜரிலா?

சென்னையிலிருந்து கோவை வழியாக ஊட்டிக்கு எத்தனை இடத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட இது தெரிந்தாக வேண்டும். வீட்டில் 11 கிலோவாட் பெட்டி மாட்ட என்ன ஒயர் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

#2 ஓமலூர்_ஓம்

இரண்டிலும் குறை இல்லை சார். கிலோவாட்டை விட்டுவிட்டு ஆம்பியரைப் பாருங்கள்.

இந்த வண்டியின் பேட்டரி சராசரியாக 370 வோல்ட். 18 சதவீதத்தில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கி 350, 360-ல் நிற்கும். சார்ஜரின் கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்குமோ, அவ்வளவுதான் வரும். நம் ஊர்ச் சாலையோரத்தில் இருக்கும் 120 கிலோவாட் பெட்டிகளில் பெரும்பாலும் 200 ஆம்பியர் கேபிள்தான். 360 வோல்ட்டை 200 ஆம்பியரால் பெருக்கினால் 72 கிலோவாட். உங்கள் திரையில் இருந்ததும் அதே எண்தான்.

அந்தப் பெட்டி முழு 120 கொடுக்க வேண்டுமானால் எதிரே இருக்கும் பேட்டரி 600 வோல்ட்டில் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருப்பார்கள். '200-1000 வோல்ட், அதிகபட்சம் 200 ஆம்பியர்' என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். முன்பக்கத்தில் எழுதிய பெரிய எண்ணைவிட அந்த வரியைத்தான் படிக்க வேண்டும்.

#3 சந்தேகசாமி

அப்படியானால் 195 என்பது வெறும் அலங்காரமா? ஒன்றரைக் கோடி அருகில் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு 72 கிலோவாட் என்றால், இருபது லட்சத்து வண்டிக்கும் இதற்கும் நிற்கிற இடத்தில் வித்தியாசமே இல்லையே.

#4 ஓமலூர்_ஓம்

அலங்காரம் இல்லை. ஆனால் 195 வர 500 ஆம்பியருக்கு மேல் தள்ள வேண்டும். அதற்குக் கேபிளுக்குள்ளேயே குளிரூட்டும் திரவம் ஓட வேண்டும். ஐரோப்பாவில் 350 கிலோவாட் நிலையங்களில் அந்த வகைக் கேபிள் சாதாரணம். இங்கே அரிது.

இங்கே கிடைப்பதை வைத்துக் கணக்கிடுவோம். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 105 யூனிட். அதில் 10-லிருந்து 80 வரை 74 யூனிட். முழு வேகச் சார்ஜரில் 35 நிமிடம். 200 ஆம்பியர் கேபிளில் ஒரு மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின். 60 கிலோவாட் பெட்டியில் ஒன்றேகால் மணி. ஆக, 120 கிலோவாட் பெட்டிக்கும் 60 கிலோவாட் பெட்டிக்கும் இந்த வண்டியைப் பொறுத்தவரை வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். 120 தேடி முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போவது வீண் வேலை. 240 என்று எழுதியிருந்தாலும் கேபிள் 250 ஆம்பியர் என்றால் 90 கிலோவாட்டோடு நிற்கும்.

இன்னொன்று. '10 சதவீதத்தில் போய் மாட்டு, 80-ல் கழற்று' என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது முழு வேகச் சார்ஜருக்கான விதி. அங்கே காலியான பேட்டரிதான் அதிகம் குடிக்கும், நிரம்ப நிரம்பக் குறையும். கேபிளே கட்டுப்படுத்தும் இடத்தில் அந்த விதி செல்லாது. 20 சதவீதத்தில் 70 கிலோவாட், பேட்டரி ஏற ஏற வோல்ட்டேஜும் ஏறுவதால் 70 சதவீதத்தில் 76, 77 என்று கூடத்தான் செய்யும். வண்டியே குறைக்க ஆரம்பிப்பது 80-ஐ ஒட்டித்தான். எனவே 35-ல் மாட்டி 85 வரை ஏற்றினாலும், 10-ல் மாட்டி 60 வரை ஏற்றினாலும் ஆகிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. சாப்பாட்டுக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மாட்டிக்கொள்ளுங்கள்.

#5 கோட்டைமேடு

இதனால்தான் 800 வோல்ட் வண்டி வாங்கு என்பது. கியா இவி9-க்குப் பேட்டரி 99.8 யூனிட், 800 வகை என்று சொன்னாலும் உண்மையில் 550 வோல்ட் சொச்சம். அதே 200 ஆம்பியர் கேபிளில் 110 கிலோவாட் எடுக்கும். உங்கள் ஒரு மணி நேரம் அங்கே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

#6 ஓமலூர்_ஓம்

இவி9 கணக்கு சரி. ஆனால் பழைய பெட்டிகளில் வெளியீடு 500 வோல்ட்டோடு முடிந்துவிடும். அங்கே போனால் உயர் வோல்ட் வண்டி தானே ஒரு வழி செய்துகொள்ள வேண்டும். கியா மோட்டாரின் சுருள்களையும் இன்வெர்ட்டரையும் வைத்தே வோல்ட்டேஜை உயர்த்துகிறது. போர்ஷே மகான் மின்வண்டியில் வேறு வழி: 800 வோல்ட் பேட்டரியை இரண்டு 400 வோல்ட் பாதிகளாக்கி இணையாக ஏற்றுகிறது. வேலை நடக்கும், ஆனால் அந்தப் பெட்டியில் அவற்றுக்கு ஐஎக்ஸைவிடக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

மெர்சிடிஸ் இக்யூஎஸ் எஸ்யூவியும் 400 வோல்ட் வகைதான். 122 யூனிட் பேட்டரி, அதிகபட்சம் 200 கிலோவாட். இங்கே அதற்கும் இதே 70 சொச்சம். பேட்டரி பெரிதாக இருப்பதால் அதே சதவீதம் ஏற இன்னும் நேரம் எடுக்கும்.

#7 சந்தேகசாமி

சரி, சார்ஜர் புரிந்தது. ஓடும் தூரத்துக்கு வாருங்கள். ஐஎக்ஸ் 50-க்கு டபிள்யூஎல்டிபி (ஐரோப்பாவில் பின்பற்றும் சோதனை முறை) தூரம் 630 கிலோமீட்டர் வரை என்கிறார்கள், நுகர்வு 100 கிலோமீட்டருக்கு 19.8 யூனிட்டிலிருந்து என்கிறார்கள். 105-ஐ 19.8-ஆல் வகுத்தால் 531தான் வருகிறது. இரண்டில் எது பொய்?

#8 காற்றெதிர்

இரண்டும் உண்மை. அந்தச் சோதனையில் நுகர்வைச் சுவர் பிளக்கிலிருந்து அளக்கிறார்கள், சார்ஜ் ஏறும்போது வீணாவதும் அதில் சேர்த்தி. தூரம் பேட்டரியிலிருந்து. இரண்டையும் வகுத்தால் ஒட்டாது. மின்கட்டணத்துக்கு நுகர்வு எண், பயணத்துக்குத் தூர எண்.

ஆனால் நெடுஞ்சாலைக்கு இரண்டுமே உதவாது. இயற்பியலிலிருந்தே போடலாம். காற்று எதிர்ப்புக் குணகம் 0.25, முகப்புப் பரப்பு 2.8 சதுர மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் சேர்த்து 2,700 கிலோ. நம் ஊர் வெப்பத்தில் காற்று கொஞ்சம் மெலிது, அதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு:

சீராக 80-ல் போனால் காற்றுக்கு 5.6 யூனிட், டயர் உருளலுக்கு 6.6. மோட்டார், இன்வெர்ட்டர் இழப்பும் ஏசிக்கு ஒன்றரைக் கிலோவாட்டும் சேர்த்தால் மொத்தம் 15.5.
100-ல் காற்று 8.8 ஆகிவிடும், மொத்தம் 18.6.
120-ல் காற்று மட்டும் 12.6, மொத்தம் 22.6.

முழு பேட்டரிக்கு 680, 565, 465 கிலோமீட்டர். மேல் பத்து சதவீதம், அடிப் பத்து சதவீதம் தொடாமல் ஓட்டுகிறவர் இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். மழையில் ரோடு நனைந்திருந்தால் டயர் தண்ணீரைத் தள்ளவே கூடுதல் செலவு, 5 முதல் 10 சதவீதம் குறையும்.

#9 சந்தேகசாமி

இக்யூஎஸ் எஸ்யூவிக்கு நம் நாட்டுச் சான்றிதழில் 809 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, அது எந்த ரோட்டில்?

#10 காற்றெதிர்

ரோட்டில் இல்லை, சோதனைக் கூடத்து உருளை மேல். இந்தியச் சோதனைச் சுழற்சியில் உச்சவேகமே 90. பெரும்பகுதி ஊருக்குள் ஊர்ந்து போகிற வேகம். மேலே சொன்ன கணக்கில் காற்றின் பங்கை எடுத்துவிட்டால் இந்த ஐஎக்ஸும் 800-ஐத் தாண்டும். வண்டியை வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும், ஊருக்குப் போக உதவாது.

#11 மின்பித்தன்

நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். பெங்களூருவுக்குப் போகும்போது ஒரு மாதிரியும் திரும்பும்போது வேறு மாதிரியும் காட்டுகிறது. ஒரே ரோடு, ஒரே வேகம், ஏறக்குறைய 350 கிலோமீட்டர்.

#12 நீலகிரி_வளைவு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் அண்ணே. சூளகிரி தாண்டி ஓசூர் ஏறும்போதுதான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆம்பூரிலிருந்தே ஏற்றம்தான். 2,700 கிலோவை 900 மீட்டர் தூக்க 6.6 யூனிட், இழப்போடு ஏழேகால். சமதரையில் 65 யூனிட் ஆகிற தூரத்துக்குப் போகும்போது 72, திரும்பும்போது 59 பக்கம். 13 யூனிட் வித்தியாசம், அதாவது எழுபது கிலோமீட்டர். வண்டியில் கோளாறு என்று சர்வீஸில் விட்டுவிடாதீர்கள்.

ஊட்டிக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் பெரிதாக. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம். தூக்க மட்டும் 14, இழப்போடு 16 யூனிட். ஐம்பது கிலோமீட்டர் உருள 7. ஆக 23 யூனிட், இந்தப் பேட்டரியில் 22 சதவீதம். திரை முதல் பத்து கிலோமீட்டரில் மீதித் தூரத்தைத் தாறுமாறாகக் குறைத்துக் காட்டும். பயப்பட வேண்டாம், அது கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரை வைத்துச் சொல்கிற ஜோசியம். சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

இறங்கும்போது 5, 6 யூனிட் திரும்பி வரும். அதற்கு ஒரு நிபந்தனை: ஊட்டியில் தங்கும் விடுதியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் மின்சாரத்தைத் திருப்பித் தள்ள இடமில்லை. கால் எடுத்தால் வண்டி பிடிக்காது, முழு வேலையும் பிரேக் தட்டுக்குப் போகும். இரண்டரை டன் வண்டி, குன்னூருக்குக் கீழே தொடர்ந்து வளைவு, பேடு வாசனை வந்துவிடும். 80-ல் நிறுத்திவிட்டு, 'B' நிலையில் (பார்க்கிங் 'P' அல்ல, கால் எடுத்ததும் மோட்டாரே பிடிக்கும் நிலை) போட்டு இறங்குங்கள். கீழே வரும்போது 85 காட்டும்.

#13 ஓமலூர்_ஓம்

எல்லாம் சேர்த்துப் பயணக் கணக்கு: சென்னை-கோவை 505 கிலோமீட்டர், 100-ல் போனால் 94 யூனிட். கோவையின் 400 மீட்டர் உயரத்துக்கு ஒரு 3. மேட்டுப்பாளையம் வரை 7. மலைக்கு 23. மொத்தம் 127. கையில் 10 யூனிட் மிச்சம் வேண்டும் என்றால் 137. வீட்டில் முழுசாக ஏற்றினால் 105 இருக்கிறது. குறைவது 32. சேலத்தில் அரை மணி நிறுத்தம், அவ்வளவே. 120-ல் போகிறேன் என்றால் குறைவது 52, முக்கால் மணி.

#14 கோட்டைமேடு

முக்கால் மணி ஆனாலும் 120-ல் போகிறவர்தான் முதலில் சேருவார். ரோட்டில் 50 நிமிடம் மிச்சம், சார்ஜரில் 15 நிமிடம் கூட. இதையும் சொல்லுங்கள்.

#15 காற்றெதிர்

காகிதத்தில் சரி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரை 120-ஐ விடாமல் பிடிக்க முடிந்தால். ஊர் ஊராகக் குறைத்து மறுபடி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் இழப்பு உண்டு, அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

வேகம் என்றதும் செயல்திறனையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. 523 குதிரைத்திறன், 765 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 4.6 நொடி. முந்துவதற்கு வேண்டியதைவிட அதிகம். பேட்டரி பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தச் சக்தி முழுசாக வராது, வோல்ட்டேஜ் சரிவதால் வண்டி தானே குறைத்துக்கொள்ளும். இருவழிச் சாலையில் முந்தும்போது நினைவில் வைக்க வேண்டியது. மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, சுழலிக்கும் மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்குகிறார்கள். கால் எடுத்து உருளவிடும்போது அதை அணைத்துவிடலாம், இழுவை இருக்காது. சமதரையில் ஒற்றைப் பெடலைவிட (கால் எடுத்ததும் மோட்டாரே வேகம் குறைக்கும் முறை) உருளவிடுவது சிக்கனம்.

#16 ஒயர்மேன்_வடபழனி

வீட்டு ஒயரிங் கேட்டிருந்தீங்களே, யாரும் சொல்லல. நான் சொல்றேன் சார்.

மொதல்ல மூணு பேஸ் இருக்கான்னு பாருங்க. 11 கிலோவாட்னா ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர்தான். 4 சதுர மில்லி காப்பர் போதும். மீட்டர் பெட்டியிலிருந்து பார்க்கிங் 40 மீட்டர்னாலும் இழப்பு 3 வோல்ட்டுக்குள்ள. ஒத்தப் பேஸ் 7.4 கிலோவாட்னா 32 ஆம்பியர், போக வர 80 மீட்டர் கம்பி, 6 சதுர மில்லி போட்டாலே ஏழரை வோல்ட் போயிடும். அதாவது சுவருக்குள்ள 240 வாட் ராத்திரி பூரா சூடாகுது. 40 மீட்டருக்கு 10 சதுர மில்லி போடுங்க. சின்னப் பெட்டிக்குத்தான் தடிச்ச ஒயர், பெரிய பெட்டிக்கு மெல்லிசு. நிறைய பேர் இதை மாத்திப் பண்றாங்க.

காலியிலிருந்து முழுசா ஏற 11-ல பதினோரு மணி நேரம். 7.4-ல பதினாறு. வண்டியோட வர சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினா ரெண்டு நாள். அந்தப் பிளக்கை ராத்திரி பூரா ஓட்டாதீங்க. அது கீசருக்குப் பண்ணது, அரை மணி ஓடி நிக்கும். பத்து மணி நேரம் ஓடினா பின் துளை கருகும்.

பாதுகாப்புக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தா லைனை வெட்டுற சுவிட்ச்), 'ஏ' வகை. 'ஏசி' வகை வேண்டாம், டிசி கசிவு வந்தா அது கண்ணு தெரியாம உக்காந்திருக்கும். சார்ஜர் பெட்டிக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசி கண்டுபிடிக்கிற அமைப்பு இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா 'பி' வகை, விலை பல மடங்கு.

#17 மின்பித்தன்

மிக்க நன்றி அண்ணே. பெட்டி சில நாள் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடுகிறது, மறுநாள் தானே சரியாகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஏன்?

#18 ஒயர்மேன்_வடபழனி

எர்த்து. பத்துக்கு எட்டு தடவை அதுதான். மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. 3 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 10, 15 காட்டினா வண்டி ஏத்துக்காது. கோடையில எர்த்துக் குழி காய்ஞ்சு கெடக்கும், மழை பெஞ்சா சரியாயிடும், அதான் 'தானா சரியாச்சு'. குழில தண்ணி ஊத்துங்க, அதுக்கும் சரிவரலேன்னா வண்டிக்குன்னு தனிக் குழி, 5 ஓமுக்குக் கீழ வரணும். சாயங்காலம் மட்டும் நின்னா எர்த்து இல்ல, லைன் வோல்ட்டேஜ் 190-க்குப் போயிருக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல நேரம் வெச்சு ஓட்டுங்க.

ஒரு மாசம் ஓட்டினதும் எம்சிபி, டெர்மினல் திருகு எல்லாத்தையும் ஒருக்கா இறுக்கிடுங்க. சூடாகி ஆறி ஆறி காப்பர் தளரும். மூணு பேஸ்ல நியூட்ரல் தளர்ந்தா வீட்டு டிவி, பிரிட்ஜுக்கு 300 வோல்ட்டுக்கு மேல போகலாம்.

கரண்ட் பில்லும் யோசிங்க. மாசம் 1,500 கிலோமீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட்டுக்கு மேல வண்டிக்கே ஆகும். வீட்டு மீட்டர்லயே ஓட்டினா 500 யூனிட் தாண்டி மேல் படிக்குப் போயிடும், வீட்டுக் கட்டணமும் சேர்ந்து ஏறும். தனி இணைப்பு கேட்டு வாங்கிடுங்க.

#19 சந்தேகசாமி

இந்த இழையில் முதல்முறையாகச் சந்தேகம் இல்லாத பதில். பொது சார்ஜரில் 'இணைப்பு தோல்வி' என்று வருவதற்கும் எர்த்துதான் காரணமா?

#20 நீலகிரி_வளைவு

சில சமயம். பெரும்பாலும் கன்னின் எடைதான். ஐஎக்ஸில் சார்ஜிங் வாய் பின்பக்கம் வலது புறம். ரிவர்ஸில் விட்டாலும் கேபிள் இழுத்துக்கொண்டு நிற்கும் இடங்கள் உண்டு. தடித்த கேபிள் கீழே இழுக்க, கன் ஒரு மில்லிமீட்டர் தொங்கும், மேல்பக்கத்தில் இருக்கும் சின்னத் தொடர்பு முனைகள் சரியாகப் படியாது. மாட்டியதும் உள்ளங்கையால் கன்னின் அடியைக் கொஞ்சம் மேலே தாங்கிப் பிடியுங்கள். 'டக்' என்று பூட்டு விழுந்த பிறகும் விடாதீர்கள். அதற்கப்புறம்தான் காப்புச் சோதனை (மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) நடக்கும், பத்து முப்பது நொடி. ஆம்பியர் ஏறத் தொடங்கியதும் கையை எடுக்கலாம்.

அதற்கும் வரவில்லை என்றால் அவசரப் பொத்தானைப் பாருங்கள். யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், வலது பக்கம் திருகினால் வெளியே வரும். பிறகு வண்டியைப் பூட்டி, ஒரு நிமிடம் விட்டு, முதலிலிருந்து. கன்னை முதலில் மாட்டி ஆப்பை அப்புறம் தட்ட வேண்டிய பெட்டியும் உண்டு, தலைகீழும் உண்டு. ஒன்று தோற்றால் மற்றது.

#21 ஓமலூர்_ஓம்

கூடுதலாக: இரண்டு கன் பெட்டியில் பக்கத்தில் வேறு வண்டி வந்தால் 120 என்பது 60, 60 ஆகப் பிரியும். அவர் போன பிறகும் சில பெட்டிகள் திருப்பித் தராது. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால்தான் 72-க்கு ஏறும். பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் 30 கிலோவாட் பெட்டகங்கள் நாலு இருக்கும். இரண்டு படுத்துவிட்டால் 60-ல் நிற்கும். மதிய வெயிலில் காற்று வடிகட்டி தூசி அடைத்திருந்தாலும் தானே குறைக்கும். விசிறிச் சத்தம் பலமாக, வெளிக்காற்று பலவீனமாக இருந்தால் அதுதான்.

பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி வண்டியில் உண்டு, ஆனால் சமவெளியில் இங்கே அது தேவைப்படாது. நாள் முழுக்க 35 டிகிரியில் ஓடிய பேட்டரிக்கு எதற்குச் சூடு? ஊட்டியில் டிசம்பர் காலையில் மாட்டினால் மட்டும் முதல் பத்து நிமிடம் மெதுவாக ஏறும்.

#22 டயர்_தங்கம்

பயணத்துக்கு முன் ஒன்று: ஸ்டெப்னி கிடையாது. 21 அங்குலத்தில் 255/50, 22-ல் 275/40. வழியில் எல்லாக் கடையிலும் இந்த அளவு இருக்காது. சத்தம் குறைக்க உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டிய டயர் என்றால் பஞ்சர்க்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உள்பக்கம் பேட்ச் போட ஸ்பாஞ்சை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டும். தெரியாமல் பேட்ச் ஒட்டினால் ஸ்பாஞ்சு மேல் ஒட்டும், காற்று நிற்காது. 22-க்குப் பதில் 21 எடுத்தால் பக்கச்சுவர் உயரம், குழியில் ரிம் தப்பிக்கும்.

#23 மின்பித்தன்

21 தான். சேலத்துக்கு 35 சதவீதத்தில் போய்ச் சேரும்படி கிளம்புகிறேன். அண்ணே, பார்க்கிங் 28 மீட்டர், மூன்று பேஸ் இருக்கிறது. 4 சதுர மில்லியே போதுமா?

#24 ஒயர்மேன்_வடபழனி

போதும் சார். குழாய்க்குள்ள வேற ஒயரோட சேத்து இழுக்க விடாதீங்க, தனிக் குழாய்.